பினாங்குச் சட்டமன்றம் பணம் ஒதுக்கினால் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்குமா?

பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றங்கள்தாம் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்குகின்றன என்று படித்தாராம்; அப்படியானால் மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு (யு.எஸ்.எம்.) பினாங்குச் சட்டமன்றம் ஏன் நிதி ஒதுக்கக் கூடாது என்பது அவர் கேள்வி. ஆனால் அவர் உண்மையில் கேட்க வந்தது கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம்மில் நல்ல புள்ளி வாங்கிய மகளுக்கு, பாலத்தைக் கடந்தால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய யு.எஸ்.எம்மில் இடம் கிடைக்கவில்லை, சபாவில் கிடைத்திருக்கிறது. மாநிலமே பணம் போட்டால் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கேட்கலாம் அல்லவா என்பதுதான் அவருடைய ஆதங்கம். ஆகவே இவை இரண்டு கேள்விகள்: பணத்தை யார் தருவது, பணம் தருபவருக்கு இடங்களின் மீது உரிமை வருமா. இரண்டாவதுக்கு விடை தெரிய வேண்டுமானால் முதலாவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

நான் கோலாலம்பூரில் ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நிதி எப்படி வருகிறது, வராதபோது என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் புத்தகத்தின் பக்கத்திலிருந்து சொல்ல முடியும். மாணவர் சேர்க்கை என் துறை அன்று. அதில் வெளிப்படையாக உள்ள விதிகளைத் தாண்டி எதுவும் சொல்லப் போவதில்லை.

ஐயத்துக்கு இடமில்லாதது முதலில். நம் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை, எந்த அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கு, எது மாநிலத்துக்கு என்று பிரித்து வைத்திருக்கிறது. மத்தியப் பட்டியலின் 13ஆவது இனம் கல்வி. தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாமே அதில் அடக்கம். மாநிலப் பட்டியலில் நிலம் இருக்கிறது, கல்வி இல்லை. நாட்டின் 20 பொதுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 1976ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அவற்றுக்கான பணம் நாடாளுமன்றத்தில் நிறைவேறும் வரவு செலவுத் திட்டத்திலிருந்து, உயர்கல்வி அமைச்சின் ஒதுக்கீட்டுக்குள் வருகிறது. கணக்குகளைத் தேசியக் கணக்காய்வாளர் தணிக்கை செய்கிறார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் மாநிலச் சட்டமன்றம் இல்லை.

இருந்தாலும் பினாங்குச் சட்டமன்றத்துக்கும் யு.எஸ்.எம்முக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1962இல் பினாங்கில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது இந்தச் சட்டமன்றம்தான். சுங்கை ஆராவில் மாநிலம் நிலம் பார்த்துக் கொடுத்தது. 1967இல் அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அங்கே அடிக்கல் நாட்டினார். 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அது தொடங்கியது. பிறகு சுங்கை ஆரா நிலத்துக்குப் பதிலாக, பிரிட்டிஷ் படையின் பழைய முகாமான மிண்டன் கிடைத்து, 1971இல் பல்கலைக்கழகம் அங்கே குடிபுகுந்தது. மாநிலத்தின் கையில் இருந்த உண்மையான செல்வம் நிலம். அதை அது கொடுத்தது. ஆண்டுச் செலவைத் தாங்கும் பொறுப்பு அன்றும் அதனிடம் இல்லை, இன்றும் இல்லை.

அந்தப் பொறுப்பை ஏற்க மாநிலத்தால் முடியுமா என்பதையும் பார்த்துவிடுவோம். பினாங்கு மாநில அரசாங்கத்தின் முழு ஆண்டுச் செலவே அண்மை ஆண்டுகளில் ஏறக்குறைய 100 கோடி ரிங்கிட். வருவாய் அதைவிடக் குறைவு. பற்றாக்குறை வரவு செலவுத் திட்டம்தான் வழக்கம். வருமானவரி, நிறுவன வரி, விற்பனை வரி, சேவை வரி எல்லாம் கோலாலம்பூருக்குப் போய்விடுகின்றன. மாநிலத்துக்கு மிஞ்சுவது நிலவரி, நிலம் தொடர்பான கட்டணங்கள், உரிமக் கட்டணங்கள், அரசியலமைப்புப்படி மத்தியிலிருந்து வரும் மானியங்கள் ஆகியவை. இன்னொரு பக்கம், 2017ஆம் ஆண்டில் 20 பல்கலைக்கழகங்களின் நிர்வாகச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 612 கோடி ரிங்கிட். அதைச் சமமாகப் பங்கிட்டாலே ஒரு பல்கலைக்கழகத்துக்கு 30 கோடிக்கு மேல் வரும், யு.எஸ்.எம். போன்ற பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகத்துக்குத் தேவை சராசரியைவிட அதிகம். மேலும், யு.எஸ்.எம்மின் மருத்துவ வளாகமும் போதனா மருத்துவமனையும் இருப்பது கிளந்தானில், குபாங் கெரியானில். பினாங்கு மக்களின் நிலவரியைக் கொண்டு கிளந்தான் மருத்துவமனையை நடத்த எந்தச் சட்டமன்ற உறுப்பினரும் கை தூக்க மாட்டார், தூக்கவும் கூடாது. பெயரளவில் பினாங்கில் பிறந்திருந்தாலும் அது தேசிய நிறுவனமாக வளர்ந்துவிட்டது.

இனி அமெரிக்கா. அங்கே கல்வி மாநிலங்களின் பொறுப்பு. 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டத்தின்வழி மத்திய அரசு மாநிலங்களுக்கு நிலம் கொடுத்துக் கல்லூரிகள் தொடங்க வழி செய்தது. ஆனால் அவற்றை நடத்தும் செலவு மாநிலச் சட்டமன்றங்களின் தலையில்தான் விழுந்தது. இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஆளுநர் திட்டம் முன்வைப்பார், சட்டமன்றத்தின் இரு அவைகளும் விவாதித்துத் தொகையை முடிவு செய்யும், ஆளுநர் கையொப்பமிடுவார். பல மாநிலங்களில் குறிப்பிட்ட வரிகளை மட்டும் வெட்டும் அதிகாரமும் ஆளுநருக்கு உண்டு. அந்த மாநிலத்தில் வசிப்பவரின் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளிமாநிலப் பிள்ளைக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கட்டணம் என்ற ஏற்பாடு அதனால்தான் வந்தது: உள்ளூர்ப் பெற்றோர் வரி வழியாக ஏற்கெனவே ஒரு பங்கைக் கட்டிவிட்டார்கள் என்பது அதன் நியாயம்.

ஆகவே கேட்டவரின் உள்ளுணர்வு அமெரிக்காவைப் பொறுத்தவரை சரியானதே. பணம் தரும் சட்டமன்றம் அங்கே இடங்களைக் கேட்டு வாங்குகிறது. கலிஃபோர்னியா இதற்கு நல்ல உதாரணம். 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மாநில நிதி சுருங்கியதும், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் அதிகக் கட்டணம் செலுத்தும் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களைக் கூடுதலாகச் சேர்த்தது. உள்ளூர்ப் பெற்றோர் கொதித்தார்கள். 2016இல் மாநிலத் தணிக்கையாளரின் அறிக்கை அதைக் கடுமையாகக் குறை கூறியது, சட்டமன்றமும் நெருக்கியது. கடைசியில் 2017இல் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, இளங்கலை மாணவரில் வெளியாரின் பங்கு 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை ஏற்றது. ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்த வளாகங்கள் மட்டும் அப்போதிருந்த அளவிலேயே நிற்க அனுமதிக்கப்பட்டன. அதே கதையில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது: உள்ளூர்ப் பிள்ளைகளின் இடம் ஆபத்துக்குள்ளானதே சட்டமன்றம் தன் பங்கைக் குறைத்துக்கொண்ட பிறகுதான்.

அந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் என் பதில் நேர்மையானதாக இராது. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் பற்றாக்குறை இல்லாமல் வரவு செலவுத் திட்டம் போட வேண்டியவை. கடன் வாங்கி அன்றாடச் செலவை ஓட்ட முடியாது. பள்ளிகள், சிறைச்சாலைகள், ஏழைகளுக்கான மருத்துவ உதவி ஆகியவற்றை எளிதில் குறைக்க முடியாது. பல்கலைக்கழகத்துக்கோ கட்டணம் என்ற மாற்று வருமானம் இருக்கிறது. அதனால் மாநிலத்தின் வருவாய் சரியும்போது கத்தி முதலில் பாய்வது பல்கலைக்கழகத்தின் மீதுதான். அலாஸ்காவில் 2019இல் நடந்ததைப் பாருங்கள். எண்ணெய் வருமானம் சரிந்திருந்த நேரம். ஆளுநர் மைக் டன்லீவி, சட்டமன்றம் நிறைவேற்றிய ஒதுக்கீட்டிலிருந்து அலாஸ்காப் பல்கலைக்கழகத்துக்கான 13 கோடி டாலரைத் தம் அதிகாரத்தால் வெட்டினார். அது மாநிலம் தந்துவந்த நிதியில் ஏறக்குறைய 40 சதவீதம். அந்த வெட்டை மாற்ற நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை. புதிய நிதியாண்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. பல்கலைக்கழக ஆட்சிக்குழு நிதி நெருக்கடி நிலையை அறிவித்தது. நிரந்தர ஆசிரியர்களையும் வேலையை விட்டு நீக்க வழிசெய்யும் அறிவிப்பு அது. ஆகஸ்டில் சமரசம் ஏற்பட்டு, மூன்று ஆண்டுகளில் 7 கோடி டாலர் குறைப்பது என்று முடிவானது. இல்லினாயில் இதைவிட மோசம்: ஆளுநரும் சட்டமன்றமும் ஒத்துப்போகாததால் 2015 ஜூலையிலிருந்து 2017 ஜூலை வரை முழுமையான வரவு செலவுத் திட்டமே இல்லை. கறுப்பின மாணவர் அதிகம் படிக்கும் சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகம் ஊழியர்களுக்குப் பணிநீக்க அறிவிப்பு கொடுக்கும் நிலைக்குப் போனது.

சட்டமன்றம் பணம் தருவது நல்லதா கெட்டதா என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. வருமான ஊற்று குறுகிய ஓர் அரசாங்கத்தை மட்டும் நம்பியிருக்கும் பல்கலைக்கழகம் அந்த அரசாங்கத்தின் கெட்ட ஆண்டை அப்படியே தன் உடம்பில் வாங்கிக்கொள்ளும். நான் சொல்லக்கூடியது அவ்வளவே. ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. அங்கே பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மாநிலச் சட்டங்களால் உருவானவை. ஆனால் 1974இலிருந்து நிதிப் பொறுப்பை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. நம்முடைய ஏற்பாடு இதற்கு நெருக்கமானது.

மத்திய அரசாங்கம் தந்தால் மட்டும் வெட்டு வராதா என்றால், வரும், வந்திருக்கிறது. 2016இல் சுமார் 757 கோடி ரிங்கிட்டாக இருந்த பொதுப் பல்கலைக்கழகங்களின் நிர்வாக ஒதுக்கீடு 2017இல் சுமார் 612 கோடியாகக் குறைந்தது; ஏறக்குறைய 19 சதவீத வெட்டு. எண்ணெய் விலை விழுந்த பிறகு வந்த ஆண்டுகள் அவை. 19 சதவீதம் என்று காதில் விழும்போது தாங்கக்கூடியதாகத்தான் தோன்றும். நிதிப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும். எங்கள் கணக்கில் செலவுகள் இலக்கக் குறியீட்டில் பிரிந்திருக்கும்: 10000 என்றால் சம்பளமும் அலவன்சும், 20000 என்றால் சேவைகளும் பொருட்களும், 30000 என்றால் சொத்துகள், 40000 என்றால் உதவித்தொகை போன்ற வழங்கல்கள். நிரந்தர ஊழியரின் சம்பளத்தைத் தொட முடியாது. மொத்தச் செலவு 100 ரிங்கிட், அதில் சம்பளம் 70 என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். 19 ரிங்கிட் குறைந்தால், வெட்டு முழுவதும் மீதி 30இன் மேல் விழும். கையில் நிற்பது 11. ஆய்வுக்கூட இரசாயனம், நூலகத்தின் ஆய்விதழ்ச் சந்தா, மின்கட்டணம், கட்டடப் பராமரிப்பு, ஒப்பந்த விரிவுரையாளரின் ஊதியம் எல்லாமே அந்த 11க்குள் அடங்க வேண்டும்.

அப்படியான ஆண்டில் ஆய்விதழ்ப் பட்டியல் துறைதோறும் சுற்றுக்கு வரும். எதை நிறுத்தினால் தாங்குவீர்கள் என்று குறியிட்டுத் திருப்பியனுப்பச் சொல்வார்கள். பெரிய துறைகள் ஐந்தாறை விட்டுக்கொடுத்தும் சமாளிக்கும். சிறிய துறையின் கையில் இருப்பதே ஐந்தாறுதான். ஓய்வு பெற்றவரின் பதவியை உடனே நிரப்ப வேண்டாம் என்ற முடிவும் அப்படித்தான். நூறு பேர் உள்ள துறையில் ஒரு நாற்காலி காலியானால் பாடவேளையை மாற்றி அமைக்கலாம், கைவிரலில் எண்ணக்கூடியவர்களே உள்ள துறையில் ஒரு பாடமே நின்றுபோகும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இலிருந்து இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. தமிழுக்கு இந்த நாட்டில் பல்கலைக்கழக அளவில் கிடைத்திருக்கும் இடங்கள் சொற்பம். நிதி ஒதுக்கீடு என்பது யாரோ அதிகாரிகளின் விவகாரம் என்று நம்மவர்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இப்போது இடங்களுக்கு வருவோம். மலேசியாவில் பொதுப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தில் உள்ளூர் மாநிலம், வெளிமாநிலம் என்ற பேதம் இல்லை. பெர்லிஸ் மாணவரும் ஜொகூர் மாணவரும் யு.எஸ்.எம்மில் ஒரே கட்டணம்தான் கட்டுகிறார்கள். 2015இல் வெளியான உயர்கல்விப் பெருந்திட்டம், பொதுப் பல்கலைக்கழகச் செலவில் சுமார் 90 சதவீதத்தை அரசாங்கமே ஏற்பதாகச் சொன்னது. அந்தப் பணம் நாடு முழுவதன் வரிப்பணம். சேர்க்கையும் யூ.பி.யூ. என்ற மத்திய முறையின் வழி நடக்கிறது; எந்த மாநிலத்தில் வீடு என்பதை வைத்து இடத்தைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் இல்லை. ஆகவே பினாங்குச் சட்டமன்றம் நாளையே ஒரு கோடி ரிங்கிட் நன்கொடை கொடுத்தாலும், அந்தக் காரணத்தால் ஒரு நாற்காலியும் பினாங்குப் பிள்ளைக்கு என்று ஒதுக்கப்படாது. இதில் எனக்கு ஐயம் இல்லை.

மாநிலம் தன் பிள்ளைகளுக்காகப் பணம் போட்டு அதற்கு ஈடாக உரிமையும் பெறும் வழி மலேசியாவிலும் உண்டு. ஆனால் அது பொதுப் பல்கலைக்கழகத்தின் வழியாக இல்லை. சிலாங்கூர் மாநிலம் 1999இல் தொடங்கிய யுனிசெல் பல்கலைக்கழகம் மாநிலத்துக்குச் சொந்தமானது. சட்டத்தின் பார்வையில் அது தனியார் உயர்கல்விக்கூடம். சரவாக் தன் உரிமையில் உள்ள பல்கலைக்கழகங்களில் சரவாக் மாணவருக்கு, குறிப்பிட்ட துறைகளில், 2026இலிருந்து இலவசக் கல்வி என்று அறிவித்தது. பெட்ரோலியப் பொருள்மீது விற்பனை வரி விதிக்கும் மாநிலத்துக்கு அந்த வசதி இருக்கிறது, பினாங்குக்கு இல்லை. திரங்கானுவில் நடந்தது இதற்கு எதிர்த்திசை: மாநில அரசு 1980இல் தொடங்கிய சமயக் கல்லூரியின் வழியில் வந்ததே இன்றைய சுல்தான் ஜைனால் அபிடின் பல்கலைக்கழகம், 2006இல் அது மத்திய அரசின் பொதுப் பல்கலைக்கழகமாயிற்று. செலவுச் சுமை மாநிலத்தின் தோளிலிருந்து இறங்கியது, கூடவே கட்டுப்பாடும் இறங்கியது.

சிந்திக்க வேண்டிய, ஆனால் தீர்மானமாகச் சொல்ல முடியாத விஷயம் ஒன்று. பல்கலைக்கழகங்கள் சொந்த வருமானத்தைப் பெருக்கிக்கொண்டு அரசாங்கத்தைச் சார்ந்திருப்பதைக் குறைக்க வேண்டும் என்று மேற்சொன்ன பெருந்திட்டம் கேட்டது. அறக்கட்டளை, வக்ஃப் என்ற இஸ்லாமிய அறக்கொடை, ஆலோசனைப் பணி, வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று பல வழிகள் பேசப்படுகின்றன. யூ.பி.யூ. வழியல்லாமல் கூடுதல் கட்டணத்துக்கு நேரடியாகச் சேர்க்கும் முறை அண்மை ஆண்டுகளில் பெரிய சர்ச்சையானது. இது சாதாரண வழியில் வரும் மாணவரின் இடத்தைப் பறிக்காது, கூடுதல் இடம்தான் என்று ஒரு தரப்பு சொல்கிறது. விரிவுரையாளரும் ஆய்வுக்கூடமும் கூடாமல் இடம் மட்டும் எப்படிக் கூடும் என்பது என் கேள்வி. கலிஃபோர்னியாவின் அனுபவம் அந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் அது வேறு நாட்டு அனுபவம் என்பதால் முடிந்த முடிவாக முன்வைக்க மாட்டேன். அதேபோல, பல்கலைக்கழகத்தின் செயல்திறனை அளந்து நிதியைக் கூட்டிக் குறைக்கும் முறையை டென்னஸி மாநிலம் 1979இலேயே தொடங்கியது. பிற மாநிலங்களும் பின்பற்றின. அதனால் உண்மையில் பட்டதாரிகள் கூடினார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

உங்கள் கோரிக்கையை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது இனி தெளிவாக இருக்கும். ஒதுக்கீட்டின் அளவு பற்றிய கேள்வி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு உரியது. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் மக்களவையில் தாக்கலாகும். கொள்கை விவாதம் முடிந்து குழு நிலையில் ஒவ்வோர் அமைச்சாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தொகையைப் பற்றி நுணுக்கமாகக் கேட்க முடியும். உயர்கல்வி அமைச்சின் முறை வரும் நாளுக்கு முன்பே, சென்ற ஆண்டின் தொகை எவ்வளவு, இந்த ஆண்டின் தொகை எவ்வளவு, வித்தியாசம் சம்பளத்துக்கா ஆய்வுக்கா என்று எழுத்தில் கேட்டு அனுப்புங்கள். பொத்தாம்பொதுவாகக் 'கல்விக்கு அதிகம் கொடுங்கள்' என்று கேட்பவருக்குப் பொத்தாம்பொதுவான பதில்தான் வரும்.

சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியவை வேறு. கல்வி மாநில அதிகாரம் இல்லாவிட்டாலும், பினாங்கில் உள்ள 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில அரசாங்கம் ஆண்டுதோறும் நிதியுதவி செய்து வருகிறது. கடமை இல்லாத இடத்திலும் கை கொடுக்க மாநிலத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். உயர்கல்விக்கூடம் புகும் மாணவருக்கு ஒருமுறை ஊக்கத்தொகை தரும் திட்டத்தை சிலாங்கூர் பல ஆண்டுகளாக நடத்துகிறது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு முதல் பருவத்தின் பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், மடிக்கணினி ஆகியவைதாம் கழுத்தை நெரிப்பவை. பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கைக்கு வருவதற்கு முன்னால் வரும் அந்தச் சில வாரங்களை மாநில உதவி தாங்கிப் பிடிக்கலாம். பல்கலைக்கழகத்தின் இயக்குநர் வாரியத்தில் அது அமைந்திருக்கும் ஊரின் சமூகத்தைப் பிரதிநிதிக்க ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர் யார், உள்ளூர் மக்களிடம் எப்போது கருத்துக் கேட்டார் என்று விசாரிக்கும் உரிமை பினாங்கில் வசிக்கும் எவருக்கும் உண்டு. நம் சங்கங்கள் அதைப் பயன்படுத்துவதை நான் பார்த்ததில்லை.

மகளின் விஷயத்தில், யூ.பி.யூ. முடிவு வந்தவுடன் மேல்முறையீட்டுக்குக் குறுகிய காலக்கெடுதான் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். ஆனால் சபாவில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, பதிவையும் முடித்த பிறகே மேல்முறையீட்டின் பதிலுக்குக் காத்திருங்கள். இல்லாத இடத்தை நம்பி இருக்கும் இடத்தை விட்டுவிட்டு ஓராண்டை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் இடையே பறக்கும் உயர்கல்வி மாணவருக்கென்று மத்திய அரசாங்கம் 2023இல் ஃப்ளைசிஸ்வா என்ற விமானக் கட்டணச் சலுகையைத் தொடங்கியது. தீபாவளி நேரத்தில் டிக்கெட் விலை ஏறுவதற்கு முன்பே அதற்குத் தகுதி உண்டா என்று பல்கலைக்கழக மாணவர் விவகாரப் பிரிவில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.